துணைக்கால்

பள்ளிவாசல் சுவரில் ஒரு முகம் தெரிகிறது என்று முதலில் சொன்னது கொத்தனார்தான். எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன். சாரத்தில் நின்று ஓரத்துக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தவர், கரணையை வாளியில் போட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"காம்பஸு, இங்க வா. உன் நட்சத்திரம் என்னை முறைக்குது."

"வெயில் மண்டையில ஏறிடுச்சா கொத்தனாரே?"

"மண்டையில ஏறினா எனக்குப் பசிக்கும், அவ்வளவுதான். முகமெல்லாம் தெரியாது. வந்து பாருப்பா."

கல்லூரியில் கணக்குப் படித்துவிட்டு மாமனாரின் சில்லுப் பட்டறையில் வந்து உட்கார்ந்தவன் அவன். தாளில் வட்டம் போட்டு, அதைப் பத்தாகப் பிரித்து, கோட்டோடு கோட்டை மோதவிட்டு நட்சத்திரம் எடுப்பது அவன் வேலை. அதனால் காம்பஸ் என்று பேர் விழுந்தது. அவன் மனைவிக்கும் அங்கேதான் வேலை இருந்தது. அவள் இறந்து பதினோரு வாரம்.

புதுப் பள்ளிவாசல். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் தொழுகை. தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தின் இரண்டு பக்கமும் ஆளை மிஞ்சிய உயரத்தில் இரண்டு பாளங்கள். ஒவ்வொன்றிலும் மெருகேற்றிய ஓடுகளை வெட்டிப் பொருத்திய சில்லுகள் இரண்டாயிரத்துக்குக் குறையாது. வெள்ளை, பச்சை, கருநீலம். ஓரத்துக்கு மட்டும் கருப்பு. இடப்பக்கப் பாளம் ஆறு மாதம் முன்பே ஏறிவிட்டது. வலப்பக்கம் ஏறி நாலு நாள். அதன்மேல் படிந்திருந்த சாந்துப் பொடியை முந்தின நாள்தான் கழுவியிருந்தார்கள்.

மேல் ஜன்னல் வழியாகக் காலை வெயில் சாய்ந்து சுவரில் இறங்கியது. வெயில் பட்டால் கருநீலம் இளகிவிடும். கருப்பு இளகாது. மற்ற நேரத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க நல்ல கண் வேண்டும்.

அவன் பார்த்தான். நடு நட்சத்திரத்துக்குக் கீழே, நீலம் இருக்கவேண்டிய இடங்களில் கருப்புச் சில்லுகள். எண்ணினான். பதினாலு.

"தெரியுதா?"

"கருப்பு மாறி விழுந்திருக்கு."

"அட, அதையா கேட்டேன்? இந்தா புருவம். இந்தா ரெண்டு கண்ணு. வாய். பொம்பள முகம்ப்பா. உதட்டுக்கு மேல மச்சம்கூட..."

கொத்தனார் அங்கேயே நிறுத்திக்கொண்டார். வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். வாளியில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

அவன் தள்ளி நின்று பார்த்தான். கிட்டே போய்ப் பார்த்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். வெயில் நகர்ந்து சுவரைவிட்டுப் போகும்வரை நின்றான். அவனுக்குப் பதினாலு பிழைகள்தான் தெரிந்தன.

அந்த வேலையை அறியாதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். சில்லு பொருத்துகிறவர் தான் பொருத்துவதைப் பார்ப்பதில்லை. மெருகுப் பக்கம் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். சுட்ட மண் முதுகு மேலே. எல்லா முதுகும் ஒரே செங்கல் நிறம். முழுப் பாளத்தையும் கவிழ்த்தே அடுக்கி, முதுகில் சாந்து ஊற்றி, இறுகிய பிறகு தூக்கி நிறுத்தினால்தான் என்ன செய்தோம் என்று செய்தவருக்கே தெரியும்.

அதனால் ஒவ்வொரு சில்லின் முதுகிலும் நிறத்தை ஆணியால் கீறி வைப்பார்கள். வெள்ளைக்கு 'வெ'. பச்சைக்கு 'ப'. கருநீலமும் கருப்பும் இரண்டுமே 'க'வில் தொடங்கித் தொலைத்தன. அதற்கு வழி கண்டவள் அவள்தான்.

"நீலத்துக்கு வெறும் க. கருப்புக்கு ஒரு கால் கூட. கா."

"கருப்புக்கு எதுக்குக் கால்?" என்று அவன் கேட்டான்.

"ஓரமாவே நடக்கிற நிறம். கால் இல்லாம எப்படி நடக்கும்?"

சில்லுகளுக்கு வடிவத்தை வைத்துப் பேர் உண்டு. மீன், தவளை, பாதாம். உருவம் எதுவும் வரக்கூடாது என்பதுதான் அந்தக் கலையின் முதல் பாடம். ஆனால் பட்டறையில் நாள் முழுக்க, "அந்தத் தவளையை எடு, மீனோட வாலைத் தட்டு" என்றுதான் பேச்சு நடக்கும். சுவரில் நுழைய முடியாத உயிரெல்லாம் பேச்சில் நுழைந்திருந்தது. மாறி விழுந்த பதினாலும் பாதாம். நீலத்திலும் கருப்பிலும் அது ஒரே அளவு.

கடைசிப் பாளத்தை அவள் படுத்தும் எழுந்தும் அடுக்கினாள். கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, கால் வீங்கியிருந்தது. மாமா வேண்டாம் என்றார். மாமி கெஞ்சினார். பாதியில் விட்டால் வேறு கை வந்து சேரும், வரி விலகும் என்று சொல்லி அவள் விடவில்லை. தட்டுகளைப் பாயருகில் கொண்டுவரச் சொன்னாள். பக்கத்தில் கஞ்சி ஆறி ஏடு கட்டும். சில்லுத் தட்டோடு ஒரு சின்னக் கைக்கண்ணாடியும் வைத்திருந்தாள். அடிக்கடி எடுத்துப் பார்ப்பாள்.

"எதுக்குக் கண்ணாடி?"

"கண்ணுல மஞ்சள் கூடியிருக்கான்னு பாக்கறேங்க."

அவள் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கை நடுங்கி ஆணி வழுக்க ஆரம்பித்ததும் எழுத்துக் கீறும் வேலையை அவன் வாங்கிக்கொண்டான். அவள் பாயில் சாய்ந்திருப்பாள். அவன் கீறிக் கீறித் தட்டில் போடுவான். அப்படியொரு சாயங்காலத்தில் அவள் கேட்டாள்.

"ஏங்க, இவ்வளவு பெரிய சுவர்ல நம்ம எங்க இருக்கோம்?"

"எங்கயும் இல்ல. இதுல நடுவும் கிடையாது, முடிவும் கிடையாது, செஞ்சவன் பேரும் கிடையாது. அதான் இதோட அழகு."

கல்லூரிப் பதில். அவள் "ம்" என்றாள். அதற்குமேல் அவர்கள் அதைப் பேசவில்லை.

இப்போது சுவர் முன்னால் நின்றபோது அவனுக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. கருப்புப் பாதாம் ஒரு குவியல். அவன் க, க, க என்று கீறிக்கொண்டே போனான். கால் போட்ட ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் இல்லை.

மறுநாள் காலையிலேயே மாமி வந்துவிட்டார். கொத்தனாரின் வாய் அப்படி. சிமெண்டு மூட்டை ஒன்றைத் தட்டிவிட்டு, அதன்மேல் உட்கார்ந்து காத்திருந்தார். ஜன்னலிலிருந்து வெயில் இறங்கியதும் கையை மடியில் வைத்தார்.

"மாப்ளே."

"சொல்லுங்க மாமி."

"என் புள்ள எவ்வளவு தெளிஞ்சிருக்கா பாருங்க. கடைசில பாத்தப்போ கன்னமெல்லாம் ஒட்டி, யாரோ மாதிரி இருந்தா. இது அதுக்கு முந்தின முகம்."

அவன் பதினாலையும் மறுபடி எண்ணினான்.

"உங்களுக்குத் தெரியலையா?"

"இல்ல மாமி."

மாமி எழுந்து அவன் விரலைப் பிடித்துச் சுவரை நோக்கி நீட்டிக் கோடு போட்டார். "இது புருவம். எடுப்பா இருக்கும்ல, அது. இது வாய். இது மச்சம்."

மச்சம் உண்டு என்பது அவனுக்கு ஞாபகம் இருந்தது. எந்தப் பக்கம் என்பது இல்லை. நாலு வருஷம் கூட வாழ்ந்தவள். வீட்டில் இருந்த ஒரே படத்தில் அவள் தலையைக் குனிந்திருந்தாள். சாப்பிடும்போது, நடக்கும்போது, படுக்கும்போது என்று அவன் பல தடவை அந்த முகத்தைக் கூட்டிச் சேர்த்துப் பார்த்திருக்கிறான். கை வரும், குரல் வரும், ஆணி பிடிக்கும் விரல் வரும். முகம் வராது.

மாமி மூன்று நாளும் வந்தார். முக்கால் மணி நேரம், வெயில் நகரும்வரை. போகும்போது, "வரேன்டி" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். மாமா நேர்மாறு. வெயில் போன பிறகுதான் உள்ளே நுழைவார். அப்போதும் இடப்பக்கப் பாளத்தை மட்டும் பார்ப்பார்.

மூன்றாம் நாள் காலை நிர்வாகச் செயலாளர் வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு வந்தார். மாமாவையும் வரச் சொல்லியிருந்தார். மாமி மூட்டைமேல் இருந்தார். கொத்தனார் சாரத்தில் இருந்தபடி கையை நிறுத்தினார்.

"உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் நானே வந்தேன்" என்றார் செயலாளர்.

"சொல்லுங்க" என்றார் மாமா.

"வெளிய ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. உங்க மக தெரிஞ்சேதான் வச்சுட்டுப் போயிட்டாங்கன்னு."

"என்னத்த?"

"அவங்க முகத்த. தொழுகிற சுவத்துல."

மாமா ஓரடி முன்னால் வந்தார். "என் மக பன்னெண்டு வயசுல ஆணி புடிச்சவ. ஒரு கொடி நெளிவு குருவி மூக்கு மாதிரி வந்துடுச்சுன்னு ரெண்டு நாள் வேலையைப் பிச்சுப் போட்டவ. அவளைப் பத்தியா பேசறீங்க?"

"நான் பேசல. பேசறாங்க."

"மேகத்துலகூடதான் முகம் தெரியுது" என்றார் கொத்தனார் மேலே இருந்து. "அதை யாரு மேல எழுதி வைப்பீங்க?"

"நீங்க சாந்தைப் பாருங்க. நேத்து எங்கிட்ட, மச்சம் வரைக்கும் இருக்குன்னு சொன்னதே நீங்கதானே?"

கொத்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

செயலாளர் மாமாவிடம் குரலைத் தாழ்த்தினார். "அல்லா முன்னாடி நிக்கிறவன் கண்ணு அங்க போகுதுங்க. குனியறதுக்கு முந்தி ஒரு பொம்பள முகம். எப்படி விட முடியும்? வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பாளத்தை எடுத்துட்டு வெறும் வெள்ளை பூசிடலாம்னு முடிவாகியிருக்கு."

"எடுக்க வேண்டாம்" என்றார் மாமா. "அப்படியொரு பேரோட அது நிக்க வேண்டாம். உடைச்சிடறேன். என் கையாலயே."

"உடைக்கணும்னா என்னைத் தாண்டிப் போய் உடைங்க" என்றார் மாமி.

"நீ சும்மா இரு."

"பதினோரு வாரமா சும்மாதானே இருக்கேன்? என் புள்ள யாரை என்ன பண்ணுச்சு? ஒரு ஓரமா நின்னுக்கிட்டிருக்கா. காலைல கொஞ்ச நேரம் வரா, போறா. அதுகூட உங்களுக்குக் கண்ணை உறுத்துதா?"

தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் வாயைத் திறந்தால் மாமியின் காலை நேரம் போய்விடும். திறக்காவிட்டால் அவள் பேர் போய்விடும், பாளமும் போகும்.

"அது முகம் இல்ல" என்றான். "என் தப்பு."

எல்லாரும் திரும்பினார்கள். அவன் சாரத்தடியில் மிஞ்சிக் கிடந்த ஒரு சில்லை எடுத்து முதுகைக் காட்டினான். க, கா, கால். முழுவதையும் சொன்னான். அவளுக்குக் கை நடுங்கியது, எழுத்தை அவன் வாங்கிக்கொண்டது, ஒரு குவியல் கருப்புக்குக் கால் போட மறந்தது. வகுப்பில் கணக்கைச் சொல்லிக்காட்டுவதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னான்.

"அவ என் எழுத்தை நம்பி நீலம்னு வச்சா. கவுத்து வைக்கிற வேலை. அவளுக்கு எப்படித் தெரியும்?"

செயலாளர் மூச்சு விட்டார். "அப்ப பதினாலு சில்லுதானா?"

"பதினாலுதான். பாளத்தை எடுக்கத் தேவையில்ல. அரை நாள் வேலை."

"அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இல்ல. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. எழுத்து மறந்தவன் நான்."

மாமா அவன் தோளைப் பிடித்தார். பிடித்தபடியே மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அது சுவரில் ஏறிய பிறகு முதல் தடவையாக வலப்பக்கப் பாளத்தை நிமிர்ந்து பார்த்தார். மாமி எழுந்தார். அவன் அருகில் வந்து நின்றார். அடிப்பார் என்று கொத்தனார் நினைத்தார்.

"மண்ணுக்குள்ள வைக்கும்போது பொம்பளைங்க வரக்கூடாதுன்னீங்க. வரல. வீட்டுலயே இருந்தேன். இப்ப ரெண்டாவது தடவையும் புதைக்கப் போறீங்க. இதுக்காவது என்னைய இருக்க விடுங்க மாப்ளே."

"இருங்க மாமி" என்றான்.

மறுநாள் வானம் மூடியிருந்தது. ஜன்னலில் வெயில் இல்லை. மாமி அதே மூட்டையில் உட்கார்ந்து சாம்பல் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் பேச்சில்லாமல் ஒரு கிண்ணம் சாந்தைக் குழைத்து, சாரத்தில் நின்ற அவனுக்கு நீட்டினார்.

பக்கத்துச் சில்லு அசையாமல் ஒன்றை மட்டும் எடுப்பது பல் பிடுங்குவது மாதிரி. ஈர்க்குச்சி அளவு உளியால் சுற்றிலும் சாந்தைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கவேண்டும். அவசரப்பட்டால் மெருகு சிதறும். முதல் பாதாம் வெளியே வர அரை மணி நேரம் ஆயிற்று. இடது புருவத்தின் நுனி என்று மாமி சொன்ன சில்லு. முதுகில் ஒட்டியிருந்த சாந்தைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினான். கீறலுக்குள் போன சாந்து மட்டும் தங்கி, எழுத்து வெள்ளையாக எழும்பி வந்தது.

க. அவன் கை. ஆழமான, அவசரமான கீறல்.

அதன் பக்கத்தில் ஒரு கால்.

மெல்லிய கால். நூல் மாதிரி. நடுவில் ஒரு இடத்தில் வழுக்கி, மறுபடி பிடித்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. அவன் கை அப்படிக் கீறாது.

சில்லைக் கவிழ்த்தான். கருப்பு. மறுபடி புரட்டினான். கா.

இரண்டாவதை எடுத்தான். கா. மூன்றாவது. மதியம் கழிந்து பதினாலும் தட்டில் கிடந்தபோது பதினாலிலும் கால் இருந்தது. ஒன்றில் இரண்டு தடவை முயன்றிருந்தாள்.

அவன் விட்டதை அவள் பார்த்திருக்கிறாள். ஒன்று விடாமல் திருத்தியிருக்கிறாள். கருப்பு என்று தெரிந்த பிறகுதான் ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்தில் கவிழ்த்திருக்கிறாள். கண்ணாடியில் தெரிகிற முகம் இடம் வலம் மாறியது. அதைப் பார்த்துப் பார்த்துக் கவிழ்த்து வைத்தால், பாளம் நிமிரும்போது மற்றவர்கள் பார்த்த முகம் வரும். மஞ்சளைப் பார்க்கவில்லை அவள்.

"என்ன காம்பஸு, எழுத்து எப்படி இருக்கு?" கொத்தனார் கீழே இருந்து கேட்டார். "கால் இல்லதானே?"

அவன் தட்டின்மேல் துணியைப் போட்டான்.

"நான் சொன்ன மாதிரிதான் இருக்கு" என்றான்.

"அது போதும்யா" என்றார் கொத்தனார். "அந்தப் புள்ளைக்கு அது போதும்."

பதினாலு குழியிலும் சாந்து தடவி நீலப் பாதாமை அழுத்தினான். கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் மட்டம் பார்த்தான். துணியால் துடைத்தான். தாளில் அவன் வரைந்தது சுவரில் அப்படியே வந்துவிட்டது. எங்கும் பிழையில்லை. நடுவும் இல்லை, முடிவும் இல்லை, ஆளும் இல்லை.

கொத்தனார் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார். அவன் தட்டோடு இறங்கினான்.

"போயிட்டா" என்றார் மாமி. கண்ணில் தண்ணீர் இல்லை. "அதையாவது எங்கிட்ட குடுங்க. குப்பையில போட்டுடாதீங்க."

அவன் துணியை விலக்கித் தட்டை அவர் முன் வைத்தான். மாமிக்குப் படிக்கத் தெரியாது. ஒரு சில்லை எடுத்து முதுகை விரலால் தடவினார்.

"இதுல என்னமோ கீறியிருக்கே."

"க. பக்கத்துல ஒரு கால்."

"யாரு கீறினது? அவளா?"

"க நான். கால் அவ."

மாமி அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். நேற்று அவன் சொன்ன கணக்கு எதுவும் அவருக்கு ஞாபகம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் எழுதியிருக்கீங்க" என்றார்.

அவன் தரையில் உட்கார்ந்தான். சிமெண்டுத் தரை சில்லிட்டது.

"மாமி. எப்படி இருந்துச்சுன்னு வச்சுக் காட்டுங்க."

மாமி மூட்டையிலிருந்து இறங்கி எதிரே உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் தரையில் ஓரிடத்தைத் துடைத்தார். மூன்று சில்லு, பிறகு மூன்று. கண்ணுக்கு ஒவ்வொன்று. வாய்க்கு ஐந்து, நடுவில் உள்ளதைக் கொஞ்சம் கீழே இறக்கினார். பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர். யோசிக்காமல் வைத்துக்கொண்டே போனார். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்த அவனுக்கு அது தலைகீழாகக் கிடந்தது. பதிமூன்று கருப்புச் சில்லுகள்.

அவன் எழுந்து சுற்றி வந்து மாமியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கடைசிச் சில்லு மாமியின் கையில் இருந்தது. வைக்கப் போனவர் நிறுத்தினார். இந்தப் பக்கம் கொண்டுபோனார். அந்தப் பக்கம் கொண்டுபோனார்.

"மச்சம் எந்தப் பக்கம்? பாருங்களேன், பெத்தவளுக்கே மறந்துபோச்சு..."

அவன் தரையைப் பார்த்தபடியே கையை நீட்டி அதை வாங்கினான்.

"இங்க" என்று வைத்தான்.